கூலிமில் காரமில்லாத ஒரு வாரம்

பினாங்கு விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் பெண், நான் பேசியதைக் கேட்டு நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. சட்டைப் பையிலிருந்து ஷேவிங் மிஷின் போல ஒன்றை எடுத்து, கழுத்தில் வைத்து அழுத்திவிட்டு வாயசைத்துப் பேசுகிற ஆளை அவர் தினமும் பார்ப்பதில்லை. தீப்பெட்டிக்குள் அடைபட்ட வண்டு ஆங்கிலம் பேசினால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும் என் குரல்.

“சிஸ்டர் ஹவுஸ். கூலிம்,” என்றேன்.

அவர் என் கழுத்தில் கட்டியிருந்த துணியைப் பார்த்தார். அதற்குள் இருக்கும் ஓட்டை அவருக்குப் புரிந்துவிட்டது. முத்திரையைக் குத்திவிட்டு மலாயில் ஏதோ மெல்லச் சொன்னார். எனக்குப் பின்னால் நின்ற தமிழர் மொழிபெயர்த்தார்: “அவங்க அப்பாவுக்கும் தொண்டையிலதான் வந்துச்சாம் அண்ணே. ஆப்ரேஷன் வேணாம்னுட்டாராம். இந்த சீக்கு வந்த ஆளு பேக் தூக்கிக்கிட்டு நடந்து வர்றத இப்பத்தான் பாக்கிறாங்களாம்.”

மலேசியாவில் என்னை வரவேற்ற முதல் வாக்கியம் அது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

ஆறு வருடங்களுக்கு முன் என் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். மூச்சு இப்போது கழுத்து ஓட்டை வழியாகத்தான். கரூரில் அச்சகம் வைத்து, கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அடித்துப் பிழைத்தவன் நான். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் கடை மிஷின்மேன், எனக்கு எந்தப் போட்டோவைப் போடலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தான். பாவம், அவன் உழைப்பு வீணாகிவிட்டது.

இப்போது மச்சானுக்கு அதே நோய். என் அக்கா தங்கம் கல்யாணமாகி கெடா மாநிலத்துக்குப் போனவள். அவள் கணவர் மணி மச்சான், கூலிமில் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். டாக்டர்கள் ஆப்ரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். மச்சான் மாட்டேன் என்கிறார். அக்கா போனில் அழவில்லை. “நீ வந்து நில்லுடா. பேசக்கூட வேணாம். அவரு உன்னைப் பாக்கட்டும்,” என்றாள். என்னை ஒரு சாட்சியாகக் கூப்பிட்டாள். வந்துவிட்டேன்.

மச்சானே காரோடு வந்திருந்தார். இங்கே காரைக் ‘காடி’ என்கிறார்கள். “ஏறு மாப்ள,” என்றார். அந்த இரண்டு வார்த்தைக்கே குரல் கரகரத்து உடைந்தது. ஒரு காலத்தில் பஸ்ஸின் முன் சீட்டிலிருந்து கூப்பிட்டால் தொழிற்சாலை வாசல்வரை கேட்கும் குரல். தாடி வளர்ந்திருந்தது. வலது மணிக்கட்டில் மஞ்சள் துண்டு கோத்த காப்புக் கயிறு.

“என்ன மச்சான், இப்பவே காப்பு?”

“அம்மனுக்கு வேண்டியிருக்கேன்லா. ஆடித் திருவிழால தீ மிதிச்சிட்டுத்தான் கயித்த அவுப்பேன். அதுவரைக்கும் ஒடம்புல கத்தி, பிளேடு எதுவும் படக்கூடாது.”

ஆடித் திருவிழாவுக்கு வாரக்கணக்கில் இருந்தது. ஆப்ரேஷனோ அடுத்த செவ்வாய்க்கிழமை. 

கூலிமில் தாமான் என்று அழைக்கப்படும் வரிசை வீடுகளில் ஒன்று அக்காவுடையது. வாசலில் செருப்புகளைவிட மோட்டார் சைக்கிள்கள் அதிகம். மூன்று நேரமும் ஷிப்ட் மாறும் ஊர் என்பதால், நாம் தூங்கப் போகும்போது எதிர்வீட்டில் தாளிக்கிறார்கள்.

அன்று சாயங்காலமே எனக்குப் பேச்சு போய்விட்டது. குரல் மிஷினில் சார்ஜ் தீர்ந்தது. நான் கொண்டு போன சார்ஜருக்கு உருண்டைக் கால்கள். இந்த ஊர்ச் சுவரில் சதுர ஓட்டைகள். கடல் கடந்து உபதேசம் செய்யப் புறப்பட்ட மகான், பிளக் பாயிண்டில் தோற்றுப்போனேன். மச்சானைத் திருத்த வந்தவன் அன்றைக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். மச்சானுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

மறுநாள் காலை கடைத்தெருவுக்குப் போனோம். மின்சாமான் கடைக்காரர் தமிழ் முஸ்லிம்; தாத்தா காலத்தில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பமாம். நான் சார்ஜரைக் காட்டி அபிநயம் பிடித்ததும் மாற்று பிளக்கை எடுத்துக் கொடுத்து, தன் கடையிலேயே சொருகி, “அண்ணனுக்குக் கொரல் ஏறுற வரைக்கும் உக்காருங்க, பக்கத்துல பசியாறிட்டு வரலாம்,” என்றார். பசியாறுவது என்றால் இங்கே காலைச் சாப்பாடு. இந்தச் சொல்லை நாம் எப்படித் தொலைத்தோம் என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

நம் பரோட்டா போன்ற ரொட்டி சானாயைப் பிய்த்துக் குழம்பில் ஊறப் போட்டேன். கதிர் சிகிச்சையை எங்கள் ஊரில் ‘கரண்ட் வைப்பது’ என்போம். கரண்ட் வைத்த வாயில் எச்சில் சரியாக ஊறாது. எதையும் ஊறவைத்து, ஒரு வாய்க்கு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துத்தான் தள்ள வேண்டும். காரம் பட்டால் வாய் எரியும். அதனால் என் தண்ணீர்ப் பாட்டில் என்னைவிட்டுப் பிரியாது. இதில் ஒரு லாபமும் உண்டு. மூக்கு வழியாக மூச்சு இல்லாததால் வாசனை தெரியாது. எதிர் மேசையில், நாற்றத்துக்குப் பேர்போன டுரியான் பழத்தைப் பிளந்தபோது பக்கத்து மேசைச் சீனப் பயணிகள் இருவர் எழுந்து ஓடினார்கள். நான் ரோஜாத் தோட்டத்தில் உட்கார்ந்திருப்பவன் போல உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் அக்கா எனக்காகச் சமையலையே மாற்றிவிட்டிருந்தாள். மீன் குழம்பு வெளுத்துப்போய் இருந்தது. தொட்டுக்கொள்ள மசித்த உருளைக்கிழங்கு.

“என்னக்கா, ஆஸ்பத்திரியிலேருந்து பார்சல் வாங்கினியா?” என்றேன், சார்ஜ் ஏறிய தெம்பில்.

“ஒனக்குத்தான் காரம் ஆகாதே,” என்று சொல்லி, கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பழைய சோற்றுக்குப் பச்சை மிளகாயை நறுக் நறுக்கென்று கடிக்கும் அக்கா, எனக்காக அதே வெளுத்த குழம்பையே தானும் சாப்பிட்டாள். வெற்றிலை போடுவதையும் விட்டுவிட்டிருந்தாள். முன்பெல்லாம் கன்னத்தில் புகையிலை அடக்காமல் அவள் தூங்கியதே இல்லை. “நான் வந்து சொல்றதுக்கு முன்னாடியே திருந்திட்டியே,” என்று பாராட்டினேன். அக்காவின் பாசத்தை நினைத்து எனக்குக் கண் கலங்கியது.

புதன்கிழமை மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மச்சான் வந்தது அக்காவின் பிடிவாதத்துக்காக. டாக்டர் சின்ன வயதுத் தமிழ்ப் பெண். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, கழுத்து ஓட்டையை டார்ச் அடித்துப் பார்த்து, “அழகா ஆறியிருக்கு அங்கிள்,” என்றார். என் உடம்பில் எதையும் அழகு என்று யாரும் சொல்லி நாளாயிற்று.

ஒரு வெள்ளைத் தாளில் அவர் இரண்டு கோடுகள் வரைந்தார். ஒன்று மெதுவாக, சாய்வுப் பலகை போல இறங்கியது. மற்றொன்று படிக்கட்டில் உருண்டு விழுந்தது.

“இது சின்னதா இருக்கிறப்பவே வந்தவங்க. வருசம் போகப் போகவும் நெறைய பேரு இருக்காங்க, பாருங்க. முன்னவிட இப்ப இந்தக் கோடு மேல ஏறியிருக்கு. இது முத்துன பெறகு வந்தவங்க. இந்தக் கோடு அவ்வளவா மாறல. வாய், தொண்டை சீக்கு நம்ம தமிழ் ஆளுங்களுக்குத்தான் இங்க அதிகமா வருது. வெத்தல, பொகையில, சிகரெட், தண்ணி. ஆனா நம்ம ஆளுங்கதான் கடைசியா வர்றாங்க.”

“நம்ம மச்சான்?” என்றேன்.

அவர் பேனாவை இரண்டு கோடுகளுக்கும் நடுவில் வைத்தார். “இங்க நிக்கிறாரு. செவ்வாக்கிழமை வந்தா மேல் கோட்டுக்கு இழுக்கலாம். ஆடி முடிஞ்சி வந்தா ஆப்ரேஷனே செய்ய முடியுமான்னு எனக்குத் தெரியாது.”

மச்சான் தாளைப் பார்க்கவில்லை. மணிக்கட்டுக் கயிற்றைத் திருகிக்கொண்டே, “காப்பு கட்டியிருக்கேன் டாக்டர்,” என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். இந்த வாக்கியத்தை அவர் முதல்முறை கேட்கவில்லை என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

வியாழக்கிழமை பாடாங் மேஹா பக்கம், மச்சான் பிறந்து வளர்ந்த தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்துவிட்டது. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் பாதி பூட்டிக் கிடந்தன. மாரியம்மன் கோயில் மட்டும் புதுப் பெயின்ட்டில் பளபளத்தது. தோட்டத்தை விட்டுப் போனவர்கள் எல்லாரும் வெள்ளிக்கிழமை பூஜைக்கு இங்கேதான் திரும்பி வருகிறார்கள். கோயில் மைக் முப்பது வருடமாக மச்சான் கையில். அன்னதானம் முதல் காணாமல் போன செருப்பு வரை அறிவிப்பு அவர்தான்.

பூட்டிய வீடுகளை அவர் ஒவ்வொன்றாகக் கை காட்டினார்.

“இந்த வீட்டு ராமையா, நாக்குல கட்டி. ஆஸ்பத்திரி போனாரு, வரல. அந்த வீட்டம்மா, கன்னத்துல. போனாங்க, வரல. அதோ அந்த மூல வீட்டு மாணிக்கம், கத்தி வச்சாங்க, பரவிடுச்சி, ஒரே மாசம். கத்தி பட்டவன் எவன் மாப்ள திரும்பி வந்தான்? ஒருத்தன காட்டு.”

“நான் இருக்கேனே.”

“நீ ஊர்க்காரன்லா. ஒன் ஒடம்பு வேற, இந்த மண்ணு ஒடம்பு வேற.”

எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. கோபமும் வந்தது. அவர் பொய் சொல்லவில்லை. பார்த்ததைத்தான் சொன்னார். முற்றிய பிறகு போனவர்கள் செத்தார்கள். செத்தவர்களை எல்லாரும் பார்த்தார்கள். என் தொழில் எனக்கு நினைவுக்கு வந்தது. செத்தவர்களுக்குச் சுவர் சுவராகப் போஸ்டர் ஒட்டுகிறோம். பிழைத்தவனுக்கு ‘இன்னார் தெருமுனையில் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்’ என்று நான் ஒரு போஸ்டர்கூட அடித்ததில்லை.

“கத்தி படாம பொழச்சவங்களும் இருக்காங்க,” என்றார் மச்சான், என் மனதைப் படித்தவர் போல. “பாக்கியம் அக்கா. கன்னத்துல புண்ணு, ஆறவே இல்ல. இங்கதான் காப்பு கட்டுனாங்க. கட்டிட்டு ஜோகூர்ல மக வீட்டுக்குப் பேறுகாலம் பாக்கப் போனாங்க. திரும்பி வர்றப்ப புண்ணு இல்ல. அந்த வருசமே தீச்சட்டி எடுத்தாங்க. நான்தான் மைக்ல சொன்னேன். அதுக்கப்பறம் ஒவ்வொரு வருசமும் சொல்றேன். நாளைக்கு மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லியிருக்கேன். நீயே பாரு.”

பாக்கியம் அக்கா வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தொழிற்சாலை கேன்டீனில் மேசை துடைக்கும் வேலை. ஊரில் எல்லாரும் முகக்கவசத்தைக் கழற்றி எறிந்து வருடங்கள் ஆகின்றன, அவர் கழற்றவில்லை. கழுத்தைச் சுற்றி ஷால். சாப்பிடும்போது மட்டும் எங்களுக்குப் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து கவசத்தைக் கீழே இறக்கினார். பல் பிடுங்கிய இடம் சீழ் பிடித்துக் கன்னம் கோணிவிட்டது என்றார். ரசம் ஊற்றிச் சோற்றைக் கூழாகப் பிசைந்தார். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஒரு வாய் சோறு. ஒரு மடக்குத் தண்ணீர். ஒரு வாய். ஒரு மடக்கு.

என் இலைக்குப் பக்கத்திலும் அதே மாதிரி ஒரு பாட்டில். எனக்குக் கை நின்றுவிட்டது. பல் பிடுங்கியவர் யாரும் அப்படிச் சாப்பிடுவதில்லை. உலகத்தில் எங்கே பார்த்தாலும் இந்தச் சீக்கு கண்ட எங்கள் ஜாதியை நான் கண்டுபிடித்துவிடுவேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

அவர் கை கழுவப் பின்பக்கம் போனபோது நானும் போனேன். மிஷினைக் கழுத்தில் வைத்து, சத்தத்தைக் குறைத்து, “அம்மா, எந்த ஆஸ்பத்திரியில கரண்ட் வச்சாங்க?” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கண்ணில் அவ்வளவு பயம். “அம்மன்தான் காப்பாத்துச்சு,” என்று சொல்லிவிட்டு, ஈரக் கையோடு முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை மச்சான் தன் கடைசி ஆதாரத்தைக் காட்ட என்னைப் பாலிங்குக்கு அழைத்துப் போனார். தாய்லாந்து எல்லைக்குப் பக்கத்து ஊர். இங்கே இன்னும் ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கிறார்கள். வழியில் டயர் பஞ்சரானது. மாற்று டயரிலும் காற்றில்லை. ஒரு மலாய்க்காரர் லாரியை நிறுத்தி உதவினார். காற்றடித்துக்கொண்டே மச்சானின் குரலைக் கேட்டு அவர் சொன்னதை மச்சானே மொழிபெயர்த்தார்: “நெறைய டுரியான் சாப்பிட்டு, சூட்டுல தொண்ட கட்டிக்கிச்சான்னு கேக்கிறாரு.” மூன்று பேரும் சிரித்தோம். அந்த வாரத்தில் மச்சான் மனம்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

முனியாண்டி என்பவர் மச்சானின் இளவயதுத் தோழர். தாடையில் கட்டி. போன வருடத் திருவிழாவில் மைக்கில் பாக்கியம் அக்காவின் கதையைக் கேட்டுவிட்டு அங்கேயே காப்பு கட்டிக்கொண்டவர். “பொங்கலுக்குப் போன்ல கேட்டேன், பரவாயில்லன்னான். கத்தி படாம நல்லா இருக்கான் பாரு,” என்று சொல்லிக்கொண்டே மச்சான் கதவைத் தட்டினார்.

கதவைத் திறந்த அவர் மனைவி ஒதுங்கி நின்றார். உள்ளே மெத்தையில் படுத்திருந்தவரின் தாடை இருந்த இடத்தில் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. துண்டு நனைந்திருந்தது. மச்சான் வாசலிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். எனக்கு வாசனை தெரியாது. அதனால் நான்தான் பக்கத்தில் போய் உட்கார முடிந்தது. மூக்கில் குழாய். கண் மட்டும் உயிரோடு இருந்தது. என் கழுத்து ஓட்டையையே பார்த்தார். பிறகு கையைத் தூக்கி அதைத் தொட்டார். அவர் மணிக்கட்டில் மஞ்சள் கறுத்துப் போன கயிறு.

திரும்பும் வழியில் மச்சான் காடியின் கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டு ஓட்டினார். கடைசியில், “வெரதத்துல ஏதோ கொற வச்சிட்டான்,” என்றார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. பிழைத்தால் கயிறு காப்பாற்றியது. செத்தால் விரதத்தில் குறை. இந்தக் கணக்கில் கயிறு தோற்கவே தோற்காது. 

ஞாயிற்றுக்கிழமை பாக்கியம் அக்காவைத் தேடி, ஷிப்ட் பஸ் வந்து நிற்கும் இடத்துக்குப் போனேன். பஸ்ஸிலிருந்து நீலச் சட்டைக்காரர்கள் இறங்கி மோட்டார் சைக்கிள்களை நோக்கி ஓடினார்கள். அவர் கடைசியாக இறங்கினார். நான் முனியாண்டியைப் பார்த்ததை மட்டும் சொன்னேன். துண்டு நனைந்திருந்ததையும் சொன்னேன். வேறொன்றும் கேட்கவில்லை.

அவர் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“என் சின்ன மகளுக்குப் பொண்ணு கேட்டு வந்திருந்தாங்க தம்பி. அம்மாவுக்கு கேன்சர்னா யாரு கட்டுவா? அதான் ஜோகூருன்னு சொல்லிட்டு ஆஸ்பத்திரில இருந்தேன். பாதித் தாடைய எடுத்துட்டாங்க. லைட்டும் வச்சாங்க, நீங்க சொன்ன கரண்டு. வேண்டுதலும் உண்மதான். ஆனா வந்தப்ப அத மட்டும்தான் சொன்னேன். ஒங்க மச்சான் மைக்ல சொல்லிட்டாரு. அதுக்கு மேல எப்படி மாத்திப் பேசுறது, அம்மனுக்கு ஆகாதேன்னு இருந்துட்டேன்.” அவர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தார். “எனக்கப்பறம் முனியாண்டி மட்டும் இல்ல தம்பி. இன்னும் ரெண்டு பேரு. ரெண்டு பேரும் போய்ட்டாங்க. சாவு வீட்டுக்கு நானும் போனேன்.”

அந்த நடைபாதையில் எனக்கு வந்த அதிர்ச்சியை இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இந்த ஊரில் ஒரே ஒரு ஆள்தான் உயிர்பிழைத்த சாட்சி. அந்தச் சாட்சி வாயை மூடிக்கொண்டதால் மூன்று பேர் கயிற்றை நம்பியிருக்கிறார்கள். நாலாவது ஆள் என் மச்சான்.

“செவ்வாக்கிழமை அவருக்கு நாள்,” என்றேன். 

திங்கட்கிழமை பௌர்ணமி. கோயிலில் விசேஷ பூஜை. தீபாராதனை முடிந்து, அன்னதானத்துக்குக் கூட்டம் வரிசையில் உட்கார்ந்தது. மச்சான் மைக்கை எடுத்து ஏதோ சொல்ல முயன்றார், காற்றுதான் வந்தது. அப்போது பாக்கியம் அக்கா எழுந்து வந்து அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினார். முகக்கவசத்தைக் கழற்றினார். ஷாலையும் எடுத்தார். குழல் விளக்கு வெளிச்சத்தில் பாதித் தாடை இல்லாத முகத்தையும், காதிலிருந்து தொண்டைவரை ஓடிய தழும்பையும் எல்லாரும் பார்த்தார்கள்.

“இது பல்லு பிடுங்குனது இல்ல,” என்றார். “எனக்கு கேன்சரு. ஆஸ்பத்திரில வெட்டி எடுத்தாங்க. சின்னதா இருக்கிறப்பவே போனேன், அதான் பொழச்சேன். அம்மன் கயிறும் கையிலதான் இருந்துச்சி. அத அவுக்க மாட்டேன்னு அழுதேன். மலாய்க்கார நர்ஸ் அதுக்கு மேல பிளாஸ்டர சுத்தி, அப்படியே மேசையில படுக்க வச்சாங்க. அம்மன் கோவிச்சுக்கல. நான்தான் ஒங்ககிட்ட மறைச்சேன்.”

 மச்சான் அவரையே வெறித்துப் பார்த்தார். உதடு அசைந்தது. பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டது: “நான்தானலா மைக்ல சொன்னேன். முனியாண்டிக்கு நான்தான சொன்னேன்.”

அவர் மறுபடி மைக்கை வாங்கினார். குரல் வரவில்லை. என் பக்கம் திரும்பி என் சட்டைப் பையைக் காட்டினார். நான் மிஷினை எடுத்து, அவர் தாடைக்குக் கீழே, தாடியை விலக்கி அழுத்திப் பிடித்தேன். “சத்தம் போடாதீங்க மச்சான், வாய மட்டும் அசைங்க,” என்று சைகையில் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு முறை வெறும் ரீங்காரம். மூன்றாம் முறை கோயில் ஒலிபெருக்கியில் வண்டுக் குரல் கிளம்பியது.

“நாளைக்கு… நான்… ஆஸ்பத்திரி… போறேன்.” கூட்டத்தில் ஒரு குழந்தை பயந்து அழுதது. “வாயில… புண்ணு… இருக்கிறவங்க… முன்னுக்கு வாங்க. மறைக்காதீங்க.”

முப்பது வருடம் அந்த மைக் சொன்னதைக் கேட்டுப் பழகிய கூட்டம். முதலில் ஒரு கிழவர் எழுந்தார். பிறகு ஒரு பெண். பிறகு இன்னும் சிலர். என் முன்னாலும் பாக்கியம் அக்கா முன்னாலும் வந்து நின்று வாயைத் திறந்தார்கள். “நான் டாக்டர் இல்லீங்க, அச்சாபீஸ்காரன்,” என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன். சிலருக்கு வெற்றிலைக் கறை மட்டும். சிலருக்குக் கன்னத்துக்குள் வெள்ளைத் திட்டு. ஒருவருக்கு நாக்கோரத்தில் புண். இத்தனை நாள் இவர்கள் எல்லாரும் மறைத்துக்கொண்டு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். காலையில் அரசாங்கப் பல் கிளினிக்குக்குப் போகச் சொன்னேன். பாக்கியம் அக்கா கூடவே போவதாகச் சொன்னார்.

வரிசை முடிந்தது என்று கைபேசியை அணைக்கப் போனேன். எனக்கு முன்னால் இன்னும் ஒருவர் நின்றிருந்தார்.

என் அக்கா.

கையை வாயிலிருந்து எடுத்தாள். வாயைத் திறந்தாள். முழுதாகத் திறக்க முடியவில்லை. இடது கன்னத்தின் உள்ளே, அவள் புகையிலை அடக்கும் இடத்தில், சிவந்து ஓரம் தடித்த புண்.

வெளுத்த மீன் குழம்பு. மசித்த உருளைக்கிழங்கு. விட்டுவிட்ட வெற்றிலை. கையால் பொத்திய சிரிப்பு. உலகத்தில் எங்கே பார்த்தாலும் எங்கள் ஜாதியைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று பீற்றிக்கொண்டவன், ஒரு வாரம் அவள் எதிரில் உட்கார்ந்து அவள் சமைத்ததைச் சாப்பிட்டேன். எல்லாம் எனக்காக என்று நினைத்தேன்.

“எப்பலேருந்துக்கா?” என்று கேட்கத்தான் நினைத்தேன். மைக்கில் பேச மச்சான் மிஷினை மறுபடி வாங்கிப் போயிருந்தார். என் உதட்டைப் பார்த்தே அவள் புரிந்துகொண்டாள்.

“தீவாளிக்கு அப்பறம் வந்துச்சிடா. மொதல்ல அவரு பொழைக்கட்டும்னு இருந்துட்டேன்.” பிறகு, சின்ன வயதில் நான் பள்ளிக்கூடத்திலிருந்து மார்க் ஷீட் கொண்டுவந்தால் கேட்கும் அதே குரலில் கேட்டாள்: “மேல் கோடாடா, கீழ் கோடா?”

எனக்குத் தெரியவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். கோயில் என்றும் பார்க்கவில்லை, கூட்டம் என்றும் பார்க்கவில்லை.

வீடு திரும்பியதும் அக்கா, மச்சானுக்காக எப்போதோ கட்டித் தயாராக வைத்திருந்த ஆஸ்பத்திரிப் பையை அலமாரியிலிருந்து எடுத்தாள். ஜிப்பைத் திறந்து அவருடைய கைலி ஒன்றை வெளியே எடுத்து இடம் பண்ணினாள். அந்த இடத்தில் தன் புடவை ஒன்றை மடித்து வைத்தாள்.